முகூர்த்தம் இல்லாத மாதத்தில் ஒழுகும் வண்டி

செம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கினார். இறங்கினார் என்று எழுதுவது மரியாதைக்காக. உண்மையில் இரண்டு பேர் கை கொடுத்து அவரை வெளியே எடுத்தார்கள்.

கோட்டு, சூட்டு, டை எல்லாம் போட்டிருந்தார். நெற்றியில் வைத்த சந்தனம் கரைந்து மூக்கு நுனிவரை வந்திருந்தது. கழுத்தில் பவுடர் கோடு கோடாக ஓடியிருந்தது. நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐப்பசி மாதத்து முதல் முகூர்த்தம் அது. பம்பாயில் மழை விட்டதும் ஒரு மாதம் வெயில் அடிக்கும் பாருங்கள், சித்திரை வெயிலை அதற்குத் தம்பி என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வெயிலில், மாட்டுங்காவிலிருந்து செம்பூர் வரை, நாலு கண்ணாடியையும் இறுக மூடிக்கொண்டு வந்திருக்கிறார் மனிதர். ஏர்கண்டிஷன் வண்டியில்!

"கண்ணாடியை இறக்கப்படாது. இறக்கினா ஏசி வண்டின்னு யாருக்குத் தெரியும்?" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். அவரும் தொப்பலாக நனைந்திருந்தார். முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் நனைந்திருந்தேன். எனக்கு வெயில் மட்டும் காரணமில்லை. அந்த ஏர்கண்டிஷனை ரிப்பேர் செய்தவன் நான்தான்.

வண்டியின் சொந்தக்காரர் ராமசேஷன் மாமா பின்னாலேயே டாக்சியில் வந்து இறங்கினார். மாப்பிள்ளையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஆறுமுகம், ரெண்டு மாசம் முன்னாடிதானே கேஸ் போட்டே? எங்கேப்பா போச்சு அது?"

"தெரியல சாமி" என்றேன்.

பொய் இல்லை. அன்றைக்கு எனக்கு எதுவுமே தெரியவில்லை.

மூக்கை நம்பிப் பிழைத்தவன்

சென்ற இதழில் ஐஸ் ஃபேக்டரியை விட்டு நான் வெளியே வந்த கதையைச் சொல்லியிருந்தேன். படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. மீன் துறைமுகத்துக்கு ஐஸ் செய்து கொடுக்கும் இடம். அங்கே பத்து வருடம் கம்ப்ரஸர் பக்கத்திலேயே வாழ்ந்தேன். அமோனியா என் நெஞ்சைத் தின்றது. "இன்னும் ஒரு வருஷம் அங்கே வேலை பார்த்தா, அதுக்கப்புறம் நீ எங்கேயும் வேலை பார்க்க வேண்டியிருக்காது" என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். அதற்கு நான் தலையாட்டிவிட்டு வந்ததை எழுதியதற்கு, "தலையாட்டினால் போதுமா, சொந்த மூளை வேண்டாமா?" என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். ஐயா, மூளையைப் பற்றித்தான் இந்த வாரம்.

அமோனியாவில் ஒரு வசதி உண்டு. எங்கே ஒழுகினாலும் மூக்கு சொல்லிவிடும். கண்ணில் நீர் வரும், தொண்டை எரியும். எந்த ஜாயிண்ட் என்று சந்தேகம் வந்தால் ஒரு கந்தகக் குச்சியைக் கொளுத்திக்கொண்டு குழாய் ஓரமாகப் போவோம். ஒழுகுகிற இடத்தில் வெள்ளையாகப் புகை கிளம்பும். முடிந்தது வேலை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஐஸ் ஃபேக்டரியில் மிஷின் நிற்பதே கிடையாது. பகல், இரவு, தீபாவளி, பொங்கல் எதுவும் இல்லை. ஒன்று ஓடும், அது நின்றால் இன்னொன்று ஓடும். ஓடாத கம்ப்ரஸர் எப்படி இருக்கும் என்று நான் பத்து வருடத்தில் பார்த்ததில்லை.

தாராவியில் மைதீன் முதலாளியின் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் நின்றபோது, "கம்ப்ரஸர் வேலைல பத்து வருசம்" என்று சொன்னேன். எந்தக் கம்ப்ரஸர் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததை நானும் சொல்லவில்லை. அவர் கடையநல்லூர்க்காரர். நான் அதற்குப் பத்து மைல் தள்ளி. ஊர்ப் பக்கத்து ஆள் என்ற ஒரே காரணத்துக்காக என்னைச் சேர்த்துக்கொண்டார்.

மாமாவின் வண்டி

ராமசேஷன் மாமா ஒரு கம்பெனியில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். உறவு இருக்கிறதோ இல்லையோ, மாட்டுங்காவில் எல்லாருக்கும் அவர் மாமாதான். நான் மட்டும் சாமி என்பேன்.

யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன அமெரிக்க வண்டி அவரிடம் வந்து சேர்ந்தது. அப்போதே பழைய வண்டி. நீளத்துக்கு அதை மாட்டுங்காத் தெருவில் திருப்புவதே ஒரு சடங்கு. முன்னால் இஞ்சினோடு கம்ப்ரஸர், பின்னால் டிக்கிக்குள் குளிர் கொடுக்கும் பெட்டி, இரண்டுக்கும் நடுவே வண்டியின் வயிற்றுக்கு அடியில் நீளமாகக் குழாய். பின் சீட்டுக்குப் பின்னால் இரண்டு கண்ணாடி மாதிரிக் குழல்கள் கூரைக்கு ஏறும். அதன் வழியாகக் காற்று வரும்.

மாமா அதைக் கல்யாணங்களுக்கு மட்டும் விடுவார். குளிரும் வண்டியில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் மாட்டுங்காவில் அது பெரிய பேச்சு. குழந்தைகள் கண்ணாடியில் கன்னத்தை வைத்துப் பார்க்கும்.

அவருக்குச் சில சட்டங்கள் உண்டு. மாப்பிள்ளை உட்கார்ந்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். முதல் குளிர் அவருக்குத்தான். டிரைவருக்கோ, வெறும் சீட்டுக்கோ ஏசி கிடையாது. ஆடி, புரட்டாசி, மார்கழி இந்த மூன்று மாதமும் கல்யாணம் இல்லை. வண்டி ஷெட்டில் உறை போட்டு நிற்கும். பாட்டரி செத்துப்போகாமலிருக்கத் திங்கட்கிழமை தோறும் டிரைவர் இஞ்சினை மட்டும் பத்து நிமிடம் ஓட விடுவார். ஏசி சுவிட்சில் கை வைக்கக் கூடாது.

டிரைவர் சாவந்த் மராட்டிக்காரர். அந்த வருடம் தை மாதத்தில் வேலைக்கு வந்தவர். சொன்ன சொல் தவறாதவர். "மை நே ஹாத் நஹி லகாயா" என்று அவர் சொன்னால், அவர் கை வைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

துடைத்துவிட்டுத்தான் வேலை

நான் முதன்முதலாக அந்த வண்டியைத் தொட்டது ஆவணி மாத ஆரம்பத்தில். ஆடி முடிந்து உறையை எடுத்துப் பார்த்தால் ஏசியில் வெறும் காற்று. கேஸ் சுத்தமாக இல்லை.

மைதீன் முதலாளியிடம் ஒரு பழக்கம். எந்த வண்டி வந்தாலும் முதலில் துணியும் மண்ணெண்ணெயும் எடுத்து முழுக்கத் துடைக்க வேண்டும். "அழுக்கு மேல கை வச்சா வேல ஓடாது வே" என்பார். துடைத்தேன். பெல்ட் ஓடும் கம்ப்ரஸர் புல்லிக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு. இஞ்சின் ஆயில் என்று நினைத்து அதையும் பளிச்சென்று துடைத்தேன். இதை எழுதும்போது என் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன்.

பிறகு கொஞ்சம் கேஸைப் போட்டு, இஞ்சினை ஓடவிட்டு, பானெட்டுக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. டிக்கிக்குள் புகுந்து மோந்தேன். பழைய கார்ப்பெட் வாசனை. வண்டிக்கு அடியில் படுத்து மோந்தேன்.

"என்ன வே ஆறுமுகம், நாய் மாதிரி மோப்பம் புடிக்கீரு?"

"லீக்கு பாக்கேன் மொதலாளி."

"அந்தக் கேசுக்கு வாசம் ஏது வே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாசமே இல்லாத கேஸா? அப்படி ஒரு சாமானை மனிதன் எதற்குக் கண்டுபிடித்தான்? அவர் அந்தப் பக்கம் போனதும் கந்தகக் குச்சியைக் கொளுத்தி ஒருமுறை சுற்றி வந்தேன். புகை கந்தகத்தின் புகைதான். வண்டி எதுவும் பேசவில்லை.

கடைசியில் சோப்புத் தண்ணீர். டிக்கியில் ஒரு ஜாயிண்டில் சின்னதாக ஒரு குமிழி வந்தது. கடவுளைக் கண்ட மாதிரி இருந்தது. அதை இறுக்கி, கேஸை நிரப்பி, மாமாவிடம் வண்டியைக் கொடுத்தேன். ஆவணி முழுவதும் நன்றாகக் குளிர்ந்தது. புரட்டாசியில் ஷெட்டில் நின்றது. ஐப்பசி முதல் முகூர்த்தத்தில் செம்பூர் மாப்பிள்ளையை வேக வைத்தது.

கடைசி சிலிண்டர்

செம்பூரிலிருந்து வண்டி நேராகத் தாராவிக்கு வந்தது. மைதீன் முதலாளி சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"இந்தக் கேசு ஈசியா கெடைக்கிற சாமான் இல்ல. கப்பல்ல வரணும். எங்கிட்ட இருக்கது இது ஒண்ணுதான். போட்டுக்கிடும். மார்கழி முச்சூடும் நின்னுட்டு, தை மாசம் மொத முகூர்த்தத்துக்கு வண்டி குளுந்துச்சுன்னா நீரு இங்ஙனயே இரும். இல்லன்னா நீரு பழைய எடத்துக்கே போயிரும் வே. எனக்குப் பேரு கெட்டுப்போச்சுன்னா பொறவு எதுவுமே இல்ல."

பழைய இடம். அந்த வார்த்தையைக் கேட்டதும் என் தொண்டை தானாக எரிந்தது. என் மனைவி ஊரிலிருந்து வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. டாக்டர் சொன்னதை அவளிடம் நான் சொல்லவே இல்லை.

மூன்று நாள் தேடினேன். அதே துடைப்பு; புல்லிக்கு அடியில் அதே பிசுக்கு; அதே மண்ணெண்ணெய். கொஞ்சம் கேஸைப் போட்டு, இஞ்சினையும் ஏசியையும் ஓடவிட்டுக் குழாய் முழுக்கச் சோப்புத் தண்ணீர் பூசினேன். ஐஸ் ஃபேக்டரிப் பாடம் அது: மிஷின் ஓடும்போதுதான் அழுத்தம் அதிகம், அப்போதுதான் ஒழுகும். ஒரு குமிழி இல்லை. தாதரில் ஒரு கடையில், லீக் இருந்தால் சுடர் பச்சையாக மாறும் விளக்கு இருந்தது. வண்டியை அங்கே கொண்டு போனேன். இஞ்சின் ஓட ஓட அவர்கள் காட்டிய சுடர் நீலமாகவே நின்றது. "லீக் நஹி ஹை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

லீக் இல்லை. ஆவணியில் போட்ட கேஸும் இல்லை. அப்படியென்றால் போனது எங்கே?

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மாமா திருஷ்டி என்றார், பூசணிக்காய் சுற்றி உடைத்தார். சாவந்த் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினார். யாரோ கேஸைத் திருடுகிறார்கள் என்று மைதீன் முதலாளிக்கு ஒரு சந்தேகம். திருடி என்ன செய்வான், பாட்டிலில் போட்டுக் குடிப்பானா? நான் ஒரு வாரம் சாவந்தைச் சந்தேகப்பட்டு ஷெட்டின் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த நல்ல மனிதர் எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

மீதிக் கேஸையும் நிரப்பினேன். ஐப்பசியும் கார்த்திகையும் அருமையாகக் குளிர்ந்தது. ஆனால் மார்கழி வருகிறதே! எந்த மருந்தும் கொடுக்காமல் நோயாளியை வீட்டுக்கு அனுப்பியவன் மாதிரி நான் திரிந்தேன். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

மாமாதான் பேச்சுவாக்கில் ஒருநாள் சொன்னார்:

"செல்லையா இருந்த வரைக்கும் இந்தத் தொல்லையே இல்லைப்பா. தடியன் தூங்கினான், நான் அனுப்பிட்டேன். ஆனா வண்டி என்னமா இருந்தது!"

வடாலாவில் செல்லையா

சாவந்துக்கு முன்னால் ஐந்து வருடம் டிரைவராக இருந்தவன் செல்லையா. எங்கள் பக்கத்து ஆள். முந்தின மார்கழியில் ஒரு மத்தியானம் மாமா ஷெட்டுக்குப் போயிருக்கிறார். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. கண்ணாடி எல்லாம் மூடியிருக்கிறது. பின் சீட்டில், மாப்பிள்ளை உட்காரும் இடத்தில், செல்லையா காலை நீட்டிக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான். ஏசி ஓடுகிறது. இந்த ஒரு நாள்தான் என்று அவன் சத்தியம் செய்தும், அன்றைக்கே வேலை போயிற்று.

அவன் ஏதாவது தொழில் ரகசியம் தெரிந்து வைத்திருப்பான் என்று எனக்குத் தோன்றியது. எந்த நட்டை இறுக்கினான், என்ன பூசினான் என்று கேட்டுவிடலாம். விசாரித்துக்கொண்டு வடாலாவுக்குப் போனேன். ஒரு லாரி ஷெட்டில் டயர் கழுவிக்கொண்டிருந்தான். டிரைவர் வேலை அவனுக்குப் பிறகு எங்கும் கிடைக்கவில்லை. மாட்டுங்காவில் விஷயம் பரவிவிட்டது.

"ஏசியைப் பத்திக் கேக்க வந்தேன் செல்லையா."

முகம் இறுகிவிட்டது அவனுக்கு.

"அய்யரு அனுப்பிச்சாரா? அண்ணாச்சி, சொடலமாடன் மேல சத்தியமாச் சொல்லுதேன், அன்னைக்கி ஒரு நாளுதான். மேலுக்குக் காய்ச்சலா இருந்துச்சு, அசந்துட்டேன். அதுக்கு முன்ன ஒரு நாளும் சுச்சுல கை வச்சது இல்ல."

"நான் அதுக்கு வரலப்பா. நீ இருந்தப்பம் கேசு போகலியே, என்ன செஞ்சே?"

"நான் ஒண்ணும் செய்யல. சத்தியமா ஒண்ணும் செய்யல."

எதைக் கேட்டாலும் ஒன்றும் செய்யவில்லை என்றான். அரை மணி நேரம் அப்படியே போயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொன்னேன். நான் ஐஸ் ஃபேக்டரி ஆள், கார் ஏசி எனக்குத் தெரியாது, தை மாதம் வண்டி குளிராவிட்டால் திரும்ப அமோனியாவுக்குப் போக வேண்டும், என் நெஞ்சு தாங்காது, போனால் செத்துப்போவேன். இதை அதுவரை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டில்கூட.

செல்லையா குழாயை மூடினான். லாரிப் படியில் உட்கார்ந்தான்.

"யார்ட்டயும் சொல்லப்புடாது."

"சொல்ல மாட்டேன்."

"எங்க கோலில, ஒத்த ரூமுல, பதினோரு பேரு அண்ணாச்சி. மொற வச்சித்தான் ஒறங்கணும். எனக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு மேலதான் எடம் கெடைக்கும். கல்யாணம் இல்லாத மாசத்துல, இஞ்சின ஓட்டுத அன்னைக்கி சுச்சயும் போட்டுக்கிட்டுப் பின்னால படுத்துருவேன். வாரத்துக்கு ஒரு மட்டம், சில வாரம் ரெண்டு மட்டம். அரமணி நேரம்தான். ஆடி, பொரட்டாசி, மார்கழி. அஞ்சு வருசமும் அப்படித்தான். அந்த அரமணி நேரம்தான் நான் மனுசனா ஒறங்குனேன்."

அவ்வளவுதான் என்றான். நட்டும் இல்லை, பூச்சும் இல்லை. இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நொந்துகொண்டு ரயில் ஏறினேன்.

சைக்கிள் பம்பு

ரயிலை விட்டு இறங்கி நடக்கும்போது ஒரு சைக்கிள் கடையைத் தாண்டினேன். கடைக்காரர் பம்பைக் கழற்றி, உள்ளேயிருந்த தோல் வாசரில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ரொம்ப நாள் சும்மா கிடந்தால் வாசர் காய்ந்துவிடும். காற்று ஓரமாகப் போய்விடும். இதைச் சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன்.

கம்ப்ரஸர் தண்டு வெளியே வருகிற இடத்தில், கேஸ் வெளியேறாமல் அடைக்க, அந்த வாசர் மாதிரியே ஒரு சீல் இருக்கிறது. கம்ப்ரஸர் சுற்றினால்தான் அதற்கு எண்ணெய் போகும். சுவிட்சைப் போட்டால்தான் கம்ப்ரஸர் சுற்றும். மூன்று மாதமும் மாமாவின் சட்டப்படி சுவிட்ச் போடுவதில்லை. சீல் காய்கிறது, கேஸ் நைசாகப் போகிறது. மறுபடி ஓடினால் சீல் நனைந்து மூடிக்கொள்கிறது. ஓடும்போது மட்டும் தேடிய எனக்கு அது எப்படி அகப்படும்? புல்லிக்கு அடியில் இருந்த பிசுக்குதான் அதன் அடையாளம். அதை இரண்டு முறையும் நானே துடைத்துப் போட்டிருக்கிறேன்.

சொன்னபடி நடந்த சாவந்த் கையில் வண்டி ஒழுகியது. சொல்லாமல் தூங்கிய செல்லையா கையில் ஒழுகவில்லை. இதைக் கண்டுபிடித்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் முன்னைவிட அதிகமாகக் குழம்பினேன்.

புது சீல் போடலாமே என்பீர்கள். அமெரிக்காவிலிருந்து வர வேண்டும். தை மாதமோ இந்தா என்று நின்றது.

மார்கழியில் ஏசி

மாமாவிடம் போய், மார்கழியில் வாரம் ஒரு முறை அரை மணி நேரம் ஏசியை ஓடவிட அனுமதி கேட்டேன்.

"மார்கழில ஏசியா? சித்தம் கலங்கிடுத்தா உனக்கு? யார் சொன்னா இப்படிப் பண்ணணும்னு?"

செல்லையா சொன்னான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அன்றைக்கு ஒரு நாள்தான் என்று அவன் மாமாவிடம் செய்த சத்தியம் பொய் என்றாகிவிடும். நானும் வாக்குக் கொடுத்திருந்தேன்.

"பொஸ்தகத்துல போட்டிருக்கு சாமி."

"எந்தப் பொஸ்தகம்?"

"இங்கிலீஷ் பொஸ்தகம்."

எனக்கு இங்கிலீஷில் என் பெயரைக்கூட எழுதத் தெரியாது. ஆனால் முப்பது வருடம் ஆபீசில் இருந்த மாமாவுக்கு அந்த வார்த்தை போதும். சரி என்றார்.

மார்கழி முழுவதும் திங்கட்கிழமை தோறும் போனேன். சாவந்த் முன்னால் உட்காருவார், நான் பின்னால். வெளியே யாரோ பஜனை பாடிக்கொண்டு போவார்கள். உள்ளே நான் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மெத்தென்ற சீட்டு. தூக்கம் கண்ணைச் சொக்கும். ஒரு நாளும் தூங்கவில்லை, பயம்தான்.

தை முதல் முகூர்த்தம். வண்டியை விட்டு இறங்கிய மாப்பிள்ளையின் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து, எதிரே நின்ற மாமனார் அவருக்குத் தெரியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். அவ்வளவு குளிர். அதுவரை என்னைத் தொட்டுப் பேசாத மாமா, தோளில் கை வைத்து "பலே" என்றார். மைதீன் முதலாளி எனக்கென்று தனியாக ஒரு டூல் பெட்டியை எடுத்து வைத்தார்.

நான் பிழைத்துக்கொண்டேன்.

செல்லையா கேட்டது

மறுநாளே வடாலாவுக்கு ஓடினேன். சைக்கிள் பம்பு, சீல், எண்ணெய் எல்லாவற்றையும் செல்லையாவுக்கு விளக்கினேன். நீ தூங்கியதால்தான் வண்டி ஐந்து வருடம் நன்றாக இருந்தது என்றேன். அவன் கையிலிருந்த துணியைப் பிழிந்து டயர் மேல் போட்டான்.

"அப்பம் நான் செஞ்சது களவு இல்லியா அண்ணாச்சி?"

இன்றைக்கும் அதைத்தான் யோசிக்கிறேன். கேட்காமல் போட்டதுதானே? ஆனால் போட்டதால்தானே வண்டி பிழைத்தது?

"நான் சொல்லாண்டாம்னேம்லா, இப்பம் அய்யரிட்ட சொல்லிருங்க. வேல வேண்டாம். அவுக வண்டிய நான் கெடுக்கலன்னு மட்டும் சொல்லுங்க. போதும்."

சொல்கிறேன் என்றேன்.

மாட்டுங்காவுக்குப் போனேன். மாமா வீட்டில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். "இவன்தான் அந்த ஆறுமுகம். இங்கிலீஷ் புஸ்தகத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சான்" என்று என்னைக் காட்டினார். ஒரு டம்ளர் காபி வந்தது. இப்போது வாயைத் திறந்தால் புத்தகமும் பொய், பத்து வருட அனுபவமும் பொய் என்று வரிசையாக வெளியே வரும். மைதீன் முதலாளி காதுக்குப் போகும். டூல் பெட்டி போகும். காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த தடவை செல்லையா என்னைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"சொன்னீயளா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாக?"

"சிரிச்சாரு. உன்ன விசாரிச்சாரு."

அந்த முகம் மலர்ந்ததை நான் எழுத மாட்டேன். எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்லையா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மாட்டுங்காவுக்குப் போயிருக்கிறான். சாவந்த்தான் சொன்னார். மாமா கேட் அருகிலேயே நிறுத்தி, "எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலையே, இப்போ என்ன புதுக் கதை?" என்று கேட்டாராம். செல்லையா என் பெயரைச் சொல்லவில்லையாம். பழத்தைக் கேட்டின் மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டானாம்.

ஒரு மாதம் கழித்துத்தான் எனக்கு வடாலாவுக்குப் போகத் தைரியம் வந்தது. திட்டட்டும், அடிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். செல்லையா லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். என்னைப் பார்த்தான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

"வாங்க அண்ணாச்சி. நெஞ்சு எப்படி இருக்கு?" என்று கேட்டான்.